இடப்பக்கத்து இருக்கை

துணி இருக்கை வைத்த காரை அந்தக் காலத்து மலாக்காவில் நான் ஒன்றே ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். காரைக் காடி என்போம்; மற்றக் காடிகளுக்கெல்லாம் தோல் இருக்கை. வெயிலில் நின்றால் தோல் கொதிக்கும், உட்கார்ந்தவர் துள்ளி எழுவார். ஆனால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டிய காடிக்கோ சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரித் துணி. தூசி, வியர்வை, பாசா என்னும் சந்தையில் வாங்கிய மீனின் வாசனை, மழைக்காலத்துப் பூஞ்சை என்று எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், லேசில் திருப்பித் தராது.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. காடி ஒரு நோன்யா அம்மாளுடையது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து, மலாயையே வீட்டு மொழியாக்கிக்கொண்ட சீனக் குடும்பம். காஜா பேராங் சாலையில் பெரிய வீடு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய டிரைவர் வயதாகி நின்றுவிட, என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்தார். காடி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வைத்த பலகை வீடு எங்களுக்கு. வேலை போனால் வீடும் போகும். நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

நோன்யா அதிகம் பேசமாட்டார். டிரைவருக்கு அவர் வைத்த விதிகள் இரண்டுதான். காடியை அவருடைய வேலைக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது. பின்னால் வேறு யாரையும் உட்கார வைக்கக்கூடாது. அவர் எப்போதும் டிரைவருக்கு நேர் பின்னால், வலப்பக்கம் உட்காருவார். இடப்பக்கம் காலியாகவே வரும். கைப்பையைக்கூட அங்கே வைக்கமாட்டார், போகவர மடியிலேயே வைத்திருப்பார். பணக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. அழுக்கைக் கண்டால் கை சும்மா இராது. அந்தக் காடியின் இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. தோல் இருக்கைக்கே மக்கள் வெள்ளை உறை தைத்துப் போட்டு, வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்தார்கள். இத்தனை நல்ல துணிக்கு உறை வேண்டாமா? கெட்டியான வெள்ளைத் துணி வாங்கி, கொட்டகையில் யாரும் இல்லாத நேரத்தில் சாண் சாணாக அளவெடுத்து, வெட்டியும் வைத்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு வந்த கைத் தையல் மிஷின் சும்மாதானே கிடந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை நோன்யாவிடம் கேட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை நானே போய் என் உடைந்த மலாயில் கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓசியில் தைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிற ஜாதி இருக்கிறதே என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு நோன்யா ஊரில் இல்லை. சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். முந்தின வருடம் கொட்டகையிலேயே காடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசையை முடித்திருந்தோம். நோன்யாவும் வாசலில் நின்று பார்த்தார். இந்த முறை மற்ற டிரைவர்களைப் போல மாரியம்மன் கோயில் வாசலுக்கே கொண்டு போகவேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. அரை மைல்கூட இல்லாத தூரம். காடிக்குத்தானே பூசை, இது காடியின் வேலைதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

அவருக்கு அந்த ஆசை என்றால் எனக்கு இன்னொரு ஆசை. காடியில் தெளிக்க மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலை போட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் முன் கதவைத் திறந்தார். நான் பின் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஒரு வாட்டி பின்னால ஒக்காந்துக்கறேங்க. இங்க இருக்கற கோயிலுக்குத்தானே."

"வேணாம்லா. அவங்களுக்குப் புடிக்காது."

"அவங்க சிங்கப்பூர்ல இருக்காங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பின் கதவைத் திறந்துவிட்டார். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்டாட்டி கேட்டால் எந்த மனிதன் மறுப்பான்? எனக்கு எந்தக் கதவு பக்கமோ அந்தப் பக்கம் ஏறினேன். அது இடப்பக்கம்.

உண்மையைச் சொல்லவேண்டும், சொகுசாகத்தான் இருந்தது. துணி சுடவில்லை. சாய்ந்தால் முதுகைத் தாங்கிக்கொண்டது. என் வீட்டுக்காரரின் பின்கழுத்தையும், தொப்பிக்குக் கீழே விடைத்து நின்ற இரண்டு காதுகளையும் அன்றைக்குத்தான் அப்படி நிதானமாகப் பார்த்தேன். பெரிய வீட்டு அம்மாளாக இருப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை என்று தோன்றியது. சாலை முனையில் சைக்கிள் பூட்டிய ஒரு திரிஷா குறுக்கே வெட்டியது. அவர் பிரேக் போட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன், செம்பை விட்டுவிட்டேன்.

செம்புத் தண்ணீர் முழுவதும் இருக்கையில். சாம்பல் நிறத் துணியில், பக்கத்தில் என் தொடை வரைக்கும், பச்சை மஞ்சளாக ஒரு குளம். வீட்டுக்காரர் திரும்பி முதலில் எனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். அப்புறம்தான் இருக்கையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோயிலுக்குப் போகவில்லை. அங்கேயே காடியைத் திருப்பினார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கொட்டகைக்குள் காடி நின்றதும் நிற்காததுமாக ஓடிப்போய் துணி துவைக்கும் சவக்காரக் கட்டியும் வாளித் தண்ணீரும் எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு தேய்ப்புத் தேய்த்திருப்பேன். மஞ்சள் சிவந்தது. இன்னும் தேய்த்தேன், இன்னும் சிவந்தது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழச்சி உண்டா? எத்தனை கல்யாணத்துக்கு நானே கரைத்திருக்கிறேன். சவக்காரத்துக்கும் அதே குணம்தான் என்பது மட்டும் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மஞ்சளாக இருந்தபோது பூசை நடந்த இடம் மாதிரி இருந்தது, சிவந்த பிறகு கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அழுத சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கத்துச் செட்டிப் பெண் வந்தாள். என் வயதுதான், கெபாயாவும் சாரோங்கும் கட்டியிருப்பாள். நாங்கள் கும்பிடும் அதே அம்மனைக் கும்பிடுகிறவள், ஆனால் பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட குடும்பம், தமிழ் பேச வராது. மலாயில்தான் இருவரும் குடும்பக் கதையெல்லாம் பேசுவோம். எட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், மஞ்சளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சவக்காரம் போட்டாயா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனவள், தன் வீட்டு மரத்திலிருந்து மடி நிறையச் சின்ன எலுமிச்சங்காய்களைப் பறித்து வந்தாள். இருவரும் கையால் பிழிந்து பிழிந்து விட்டோம். சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு மறுபடி மஞ்சளாகத் திரும்பியது. மஞ்சள் கறையைப் பார்த்து இரண்டு பெண்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

மஞ்சளுக்கு எதிரி வெயில். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும், துவைக்கிறவளுக்கு அது தெரியும். ஆனால் வேட்டியைக் கொடியில் போடலாம், காடியை எந்தக் கொடியில் போடுவது? வீட்டுக்காரர் அதைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, நான்கு கதவையும் திறந்துவைத்து, வெயில் நகர நகரக் காடியையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் மேகம் கருத்தால் மறுபடி உள்ளே தள்ளுவார். மழை விட்டால் வெளியே. மூன்று நாள் இதே வேலை. நானோ சூரியனுக்கு மடிப்பிச்சை கேட்காத குறை. மூன்றாம் நாள் மாலை மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது.

ஆனால் புதிதாக ஒன்று வந்திருந்தது. தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்து, சுற்றிலும் தண்ணீர் வற்றிய கோடு விழுந்து, மற்ற இடமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அந்த வட்டமே வாய்விட்டுச் சொன்னது. ஒரே வழிதான், முழு இருக்கையையும் அதே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நோன்யா வர மூன்று நாள் இருந்தது. வீட்டுக்காரர் சைக்கிளில் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி வந்தார்.

பட்டுச்சேலைக்குச் சவக்காரம் ஆகாது, பூந்திக்கொட்டைதான். கொட்டையை உடைத்து, விதையை எறிந்துவிட்டு, தோலை ஊறவைத்துப் பிசைந்தால் நுரை பொங்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் இருக்கையின் வயிறு நாறிப்போகும் என்று, நுரையை மட்டும் வழித்து மெல்லிய துணியில் எடுத்து, ஒரு சாண் இடமாகத் தடவித் தடவித் துடைத்தேன். பிழிந்த ஈரத்துணியால் நுரையை எடுத்தேன். ஒவ்வொரு சாணிலும் உள்ளே ஒளிந்திருந்த நிறம் எழுந்து வந்தது. மேகம் மாதிரி ஒரு நல்ல சாம்பல். பயம் போய் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்டும் கிடைக்காத அனுமதி இப்படிக் கிடைத்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாட்டுகூட வந்தது.

இடப்பக்கத்துச் சாய்மானத்தில், தலை படும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அது ஒன்றுதான் என்னோடு மல்லுக்கு நின்றது.

"இத்தன நாளா இத எப்படிங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் வேலைக்கு வந்தப்பவே இருந்திச்சு. அவங்க தொடைக்கச் சொல்லல, நானும் தொடைக்கல" என்றார்.

சொல்லாவிட்டால் செய்யக்கூடாதா என்று கேலி செய்தேன். எண்ணெய் எடுப்பதற்குப் பூந்திக்கொட்டைக்கு மிஞ்சியது கிடையாது. மூன்று தடவை நுரை போட்டேன். மூன்றாம் தடவை அந்த இடம் எது என்றே தெரியாமல் போய்விட்டது. விரல்களின் தோல் உரிந்து எரிந்தது, ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது.

நோன்யாவைத் தம்பின் என்ற ஊரின் ரயிலடியிலிருந்து அழைத்துவர வீட்டுக்காரர் போனார். நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். காடி சுத்தமாக இருப்பதைக் கண்டு ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார், சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்ற அற்ப ஆசை. காடி வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கிக் கதவைத் திறந்தார். நோன்யா இறங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று வீட்டுக்காரர் கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

"சியாப்பா சூச்சி?" என்று கேட்டார் நோன்யா. யார் கழுவியது என்று அர்த்தம்.

நான்தான் என்றார் வீட்டுக்காரர். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. இல்லை, நான் என்று முன்னால் போனேன். போனதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூசைக்குக் காடியை எடுத்தது, அடம்பிடித்துப் பின்னால் ஏறியது, மஞ்சள் தண்ணீர் கொட்டியது, சவக்காரம், எலுமிச்சை, வெயில், பூந்திக்கொட்டை. மலாய் வராத இடத்தில் கையால் சொன்னேன். அவருடைய பிழை எதுவும் இல்லை, வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நோன்யா நான் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. திரும்பி, இடப்பக்கத்துச் சாய்மானத்தில், தலை படும் உயரத்தில் கையை வைத்தார். அந்த இடம் எது என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. அவருடைய கை நேராக அங்கே போய் உட்கார்ந்தது.

"கெப்பாலா டியா சினி" என்றார். அவர் தலை இங்கே.

வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. காடியின் கதவைப் பிடித்துக்கொண்டேன். நோன்யா என்னைப் பார்க்காமல் அந்த இருக்கையைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார். தலைக்கு வாசனைத் தைலம் தடவாமல் கணவர் வெளியே கிளம்பமாட்டாராம். தோல் இருக்கை சுடுகிறது என்று துணி வைத்து வாங்கியதும் அவர்தானாம். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் காடியில் போனால் பாதி வழியில் சாய்ந்து தூங்கிவிடுவாராம். நல்ல துணியைக் கறையாக்குகிறீர்களே என்று இவர் பல வருடம் அவரைத் திட்டியிருக்கிறாராம். உறை போடலாம் என்று இவர் கேட்க, உறை வழுக்கும், தூக்கம் வராது என்பாராம்.

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த மலாய் போதவில்லை, தமிழிலும் போதியிருக்காது. ஒரு மனிதர் விட்டுப்போனதைக் கறை என்று நினைத்து மூன்று முறை நுரை போட்டு எடுத்திருக்கிறேன், அதுவும் பாடிக்கொண்டே. வேலையை விட்டு நிறுத்தினாலும் சரிதான் என்று அப்போது உண்மையாகவே தோன்றியது.

நோன்யா அப்போதுதான் என் வயிற்றைப் பார்த்தார்.

"ஜாத்தோ?" என்றார். பிரேக் போட்டபோது விழுந்துவிட்டாயா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். நல்லது என்பதுபோல் அவரும் தலையாட்டிவிட்டு, இறங்கி வீட்டுக்குள் போனார். பையை எடுக்கவந்த வீட்டுக்காரரிடம், நாளைக் காலை காடிக்குப் பெட்ரோல் எண்ணெய் ஊற்றி வைக்கும்படி சொன்னாராம். வேலை போகவில்லை என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் மறுநாள் அவர் காடியைக் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வீட்டுக்காரர் எண்ணெய் ஊற்றி, துடைத்து, தொப்பி போட்டுக் காத்திருப்பார். நான் அவரை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். திட்டுகிறவர்களைச் சமாளித்து எனக்குப் பழக்கம் உண்டு, திட்டாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் நோன்யா எங்கள் பலகை வீட்டு வாசலுக்கே வந்தார். அதற்கு முன்பு ஒருபோதும் வந்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த வெள்ளைத் துணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பெட்டிக்குள் மடித்துக்கிடந்த துணியை எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்.

"செக்காராங் போலே" என்றார். இப்போது போடலாம்.

ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு வீட்டுக்காரர் வந்து மிஷினை எடுத்து வெளிச்சம் பார்த்து வைத்துக்கொடுத்தார். இரண்டு பகல் தைத்தேன். வலப்பக்கத்துக்கும் அடி இருக்கைக்கும் அழுத்தமாகத் தைத்துப் பித்தான் வைத்தேன். இடப்பக்கச் சாய்மானத்துக்கு மட்டும் நாடா வைத்தேன். என்றைக்காவது நோன்யாவுக்கு அந்த இடத்தைத் தொடவேண்டும் என்று தோன்றினால், இழுத்தவுடன் அவிழவேண்டும் என்று. எதற்கு நாடா என்று நோன்யா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை வாரம் ஒரு முறை உறையைத் துவைக்கக் கழற்றியது நான்தான். நான் கட்டிய முடிச்சை வேறு கை தொட்டதே இல்லை.

உறை போட்ட மறுநாள் நோன்யா காடியைக் கேட்டார். வழக்கம்போல வலப்பக்கம் ஏறினார். காடி சாலையில் இறங்கியதும் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தாராம். நோன்யா கைப்பையை மடியிலிருந்து எடுத்து, இடப்பக்கத்து வெள்ளை உறைமேல் வைத்துவிட்டு, வெளியே பார்க்கத் தொடங்கினாராம்.